பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில் நீ விடாத வண்டி

இன்று காலை கல்மண்டபம் முனையில் டிராம் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். டிராம் நின்று நாளாகிவிட்டது. தண்டவாளம் மட்டும் தாருக்குள் புதைந்து கிடந்தது. ஆறு பேர் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினார்கள். இரும்பு ஒருமுறை முனகிவிட்டுத் துள்ளி எழுந்தது. கடப்பாரை அதன்மேல் பட்ட சத்தத்தில் எனக்கு முதுகு கூசிப்போனது. இரும்பு எலும்பில் படுகிற சத்தம் இத்தனை கணீரென்று இருக்காது. ஈர விறகு முறிகிற மாதிரி அமுங்கி வரும். அதை நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். உன் கையில் கேட்டேன்.

நீ போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்கு உன் வீட்டில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எழுத்து தெரியாது. நீ உயிரோடு இருந்தபோதும் நான் எழுதி நீ படித்ததில்லை. ஆகையால் இப்போது எழுதுவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நீ ரிக்‌ஷா இழுத்தாய். நான் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பட்டறையில் ஃபிட்டர். என் அப்பா என் அம்மாவை அடிக்கிற சத்தம் சுவர் வழியாக உன் வீட்டுக்கும் வரும். உன் அம்மா ஒருமுறை எங்கள் வாசலில் வந்து நின்று கேட்டதற்கு, அப்பா எரிகிற கொள்ளியை எடுத்துத் தெருவில் வீசினார். அதற்குப் பிறகு யாரும் வந்து கேட்டதில்லை.

அப்பா கப்பலில் கரி இறக்கியவர். இரண்டு பேர் தூக்குகிற மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவார் என்று பேர். மேஸ்திரிகூட அவரிடம் ஓரடி தள்ளி நின்றுதான் பேசுவான். அந்தப் பேரை அவர் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். சோறு குழைந்தால் அடி, குழையாவிட்டால் அடி. எனக்குப் பதினெட்டு வயதாக இருந்தபோது, உலை வைக்க நேரமாகிவிட்டது என்று சவுக்குக் கட்டையால் அம்மாவின் முழங்காலில் ஓங்கி இறக்கினார். கால் பக்கவாட்டில் மடங்கியது. நான் வாசலில் நின்றேன். நின்றேன், அவ்வளவுதான்.

நீதான் உள்ளே வந்தாய். அப்போது நீ ரிக்‌ஷா இழுக்க ஆரம்பித்து ஒரு மாதம்கூட இருக்காது. அம்மாவை இரண்டு கையாலும் வாரித் தூக்கினாய். அப்பா அதே கட்டையோடு வழியை மறித்தார்.

"வழி வுடு நைனா. ஆஸ்பத்திரிக்கு இஸ்த்துகினு போவணும்" என்றாய். உன் தோளில் ஒன்று விழுந்தது. நீ நிற்கவில்லை. அவரை இடித்துக்கொண்டே வெளியே போனாய். அம்மா வாழ்க்கையில் முதல் தடவை ரிக்‌ஷாவில் ஏறியது அன்றைக்குத்தான்.

அந்தக் கால் வளைந்தபடியே கூடிவிட்டது. அதற்குப் பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்துத்தான் நடந்தாள். பத்து வருஷம் கழித்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் மொத்தமும் செத்துவிட்டது. இனி வீடு அமைதியாகிவிடும் என்று நினைத்தோம். அவருடைய இடது கை சாகவில்லை. டம்ளர், சொம்பு, எச்சில் பணிக்கம் என்று கைக்கு எட்டியதையெல்லாம் அம்மாமேல் எறிந்தார். அவளால் விலகி ஓடவும் முடியாது. அவள் நெற்றியில் இரண்டு தழும்புகள் அந்தக் காலத்தில் வந்தவை. பத்தடிக்கு எட்டடி அறையில் நடக்க முடியாத இரண்டு பேர். நான் வேலைக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் நீ வாசலில் உட்கார்ந்து வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாய். அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். "நைனா, உயிர் காலேஜ்ல புலி கீதாமே. நெசமா?"

"கீதும்மா. ஒண்ணு இல்ல, ரெண்டு."

"நீ பாத்துகிறியா?"

"சவாரி போவசொல்லோ வெளிய நின்னு சத்தம் கேட்டுகிறேன். உள்ள போனதில்ல."

அம்மாவுக்கு அன்றைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, அந்த ஆஸ்பத்திரியைத் தவிரப் பட்டணத்தில் எதையும் பார்த்ததில்லை. அவள் அதற்கு முன்னால் யாரிடமும் எதையும் கேட்டும் நான் பார்த்ததில்லை. அன்று சாயந்தரமே நீயும் நானும் உன் ரிக்‌ஷாவின் கால்பலகையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். இரண்டு நாள். முதல் நாள் உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலை. ராத்தங்க சென்ட்ரல் பக்கம் ஒரு சத்திரம். மறுநாள் மெரினா. பிறகு வீடு.

நான் டிராமில் போகலாம் என்றேன். நீ மறுநாள் டிராம் நிற்கிற இடத்தில் போய் நின்று, படியின் உயரத்தை உன் உடம்பில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தாய். "முட்டிக்கு மேல கீது மாமு. அதுவும் அவன் நிறுத்தறதுக்குள்ள மணி அட்ச்சிடுவான். அம்மா ஏறாது. நான் இஸ்க்கிறேன்."

அதற்குப் பிறகு நீ காலி வண்டியை இழுத்துக்கொண்டு அந்த வழி முழுவதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். எந்த இடத்தில் பள்ளம், எங்கே நிழல், எங்கே நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம் என்று எல்லாம் சொன்னாய். சத்திரத்தில் கீழ் அறை ஒன்று பார்த்துப் பேசி வைத்தாய். "வாசப்படி மூணு. அதுல ஒண்ணு ஒட்ஞ்சி சரிஞ்சி கீது. நமக்கு அதான் தோது. ஆனா கக்கூசுக்கு முப்பது எட்டு வெச்சி போவணும். அதுக்கு இன்னா பண்ற?" என்றாய். நான் பட்டறையில் இரும்புக் கால் வைத்து ஒரு முக்காலி செய்தேன். மேல்பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு, அதற்கு ஒரு மூடியும் வைத்தேன். மூடி போட்டால் வண்டியில் ஏற ஒரு படி. மூடியை எடுத்தால் அறைக்குள்ளேயே கழிக்க வசதி. நீ அதன்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய்.

நம் திட்டத்தில் அப்பா இல்லை. அவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லலாம் என்றிருந்தோம். அம்மா தலையை ஆட்டிவிட்டாள். "அத்த வுட்டுட்டு நான் எங்க போவ? யார்னா அதுக்கு சோறு ஊட்டுவாங்களா? நான் வரல." நீ என்னை வெளியே இழுத்துப் போய், முதல் தடவையாக என்மேல் கோபப்பட்டாய். "அந்தாள நான் இன்னாத்துக்கு இஸ்க்கணும்? என் தோளு இன்னும் மறக்கல." கொஞ்ச நேரம் கழித்து நீயே திரும்பி வந்தாய். "சரி. வெயிட்டு ரெண்டாளு வெயிட்டு. ஆனா நான் ஒங்கம்மாவத்தான் இஸ்க்கிறேன். அது மட்டும் தெரிஞ்சிக்கோ."

அப்புறம்தான் வேலைநிறுத்தம் வந்தது. எங்கள் பட்டறையும் பக்கத்துப் பட்டறைகளும் மூடின. யாரோ ஒரு காண்டிராக்டர், வெளியூர் ஆட்களை மூடிய வண்டிகளில் உள்ளே கொண்டுபோகிறான் என்று பேச்சு. வழியெங்கும் நம் ஆட்கள் காவல் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் இரும்பு இருந்தது. "ஸ்ட்ரைக்கு முடியட்டும் மாமு" என்று நீ சொன்னாய். "முடிஞ்சா எனக்கு எவன் லீவு குடுப்பான்?" என்றேன். "இப்ப வுட்டா எப்பவும் இல்ல." நீ மறுபடி ஒரு தடவை வேண்டாம் என்றாய். நான் கேட்கவில்லை. இதை எந்த இடத்திலும் நான் மாற்றிச் சொன்னதில்லை. நீ சொன்னாய், நான் கேட்கவில்லை.

கிளம்புகிற காலையில் அப்பா ஒரு பிடிவாதம் பிடித்தார். ஹார்பர் ஆட்கள் யாரும் தன்னை இந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது. வாய் கோணி, எச்சில் ஒழுக, "மூடு, மூடு" என்றார். நான் ரிக்‌ஷாவின் டாப்பை இழுத்துவிட்டு, அம்மாவின் பழைய புடவையை முன்னால் திரையாகக் கட்டினேன். மூடிய வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கட்டினேன். அப்பா சரிந்து விழாமல் இருக்க ஒரு துண்டால் இடுப்பைச் சேர்த்து வண்டியோடு கட்டினாய் நீ. முக்காலியைப் பின்னால் கயிற்றில் தொங்கவிட்டோம்.

துறைமுக ரோட்டைப் போலீஸ் மறித்திருந்ததால், சுற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் வழியாகப் போனோம். பாலத்தின் ஏற்றத்தில் பாதி தூரம் ஏறியிருப்போம். நான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. "மூடிகினு வர்றாம்பாரு. கருங்காலிங்கள இஸ்த்துகினு வர்றான்."

முதல் கல் டாப்பில் பட்டது. இரண்டாவது உன் புருவத்தில். கண்ணில் இறங்கிய ரத்தத்தை நீ ஒரு கையை எடுத்து ஒரே ஒரு தடவை துடைத்தாய். அதற்குப் பிறகு உனக்குத் துடைக்கக் கை இல்லை. "பெருசுங்கடா, நோயாளிங்கடா" என்று நான் கத்தினேன். முப்பது நாற்பது பேர் கூச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. நாலு பேர் இறங்கி ஓடிவந்தார்கள். ஒருவன் உன்னைப் பார்த்து, "கட்டையை வுட்றா" என்றான்.

ரிக்‌ஷா இழுப்பவன் ஏற்றத்தில் வண்டியின் இழுகட்டையை விட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. வண்டி பின்னால் குடை சாயும். கட்டிப்போட்ட அப்பாவின் தலை முதலில் ரோட்டில் படும். அம்மா அவர்மேல் விழுவாள். பிறகு வண்டி கீழே உருளும். "வுட முடியாது" என்று மட்டும் சொன்னாய். அவன் நீ வீம்பு பண்ணுவதாக நினைத்தான். இரும்புக் கம்பி உன் இடது முழங்கைக்குக் கீழே இறங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். நீ விடவில்லை. உடைந்த கையைக் கட்டையோடு சேர்த்து நெஞ்சால் அழுத்திக்கொண்டு, வலது கையால் பிடித்து நின்றாய். முதுகில் விழுந்தது. கழுத்தில் விழுந்தது. உன் கால் பின்னால் அரை அடி வழுக்கியது. மறுபடி ஊன்றிக்கொண்டாய்.

நான் முக்காலியை அறுத்தெடுத்தேன். கம்பி வைத்திருந்தவன் மறுபடி ஓங்கினான். அவன் காதோரத்தில் இரும்புக் காலால் அடித்தேன். அவன் விழுந்தான். விழுந்தவனை அடித்தேன். நீ கத்தினாய்: "வுட்றா, செத்துடுவான்."

அந்த நேரத்தில்தான் அம்மா உள்ளேயிருந்து புடவையைக் கிழித்து எறிந்தாள். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. வளைந்த காலையும், பக்கத்தில் வாய் கோணி மூத்திரம் போயிருந்த அப்பாவையும் எல்லோரும் பார்க்கும்படி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கல் எடுத்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. யாரோ, "கெய்வன் கெய்விடா" என்றான். கீழே கிடந்தவனின் முகத்தை அப்போதுதான் நான் பார்த்தேன். ஏழுமலை. பட்டறையில் எனக்கு அடுத்த மேசையில் வேலை செய்கிறவன். அவன் காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவனுடைய ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எனக்கு என்ன செய்வது என்று புரியவில்லை. நீதான் சொன்னாய். "இன்னா நின்னுகினு கீற? வந்து கட்டையைப் புடி. என்னால இதுக்கு மேல முடியாது."

அன்றைக்கு நான் முதல் தடவையாக ரிக்‌ஷா இழுத்தேன். நீ தொங்குகிற கையை மறு கையால் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நடந்தாய். இறக்கத்தில் உடம்பைப் பின்னால் சாய்க்கச் சொன்னாய். வளைவில் எந்தத் தோளை முன்னால் விடவேண்டும் என்று சொன்னாய். வலியில் உன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்படியே பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மாவுக்கட்டு போட்டு நீ வெளியே வரும்போது மூன்று மணி.

"வூட்டுக்குப் போய்டலாம் நைனா" என்றாள் அம்மா.

நீ அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "இம்மாந்தூரம் வந்துட்டு திரும்பறதா? புலி பக்கத்துல கீது. பாத்துட்டுத்தான் போறோம்."

பார்த்தோம். புலி ஒரு மூலையில் படுத்து, காதை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. அம்மா வண்டியிலிருந்தபடியே வெகுநேரம் பார்த்தாள். "இன்னா இது, ஒண்ணும் பண்ணல. சும்மா பட்த்துகினு கீது" என்றாள். நீ சிரித்தாய். சிரித்ததும் கை வலித்து முகம் சுளித்தாய். அம்மா தன் முந்தானையால் உன் புருவத்தில் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள்.

சத்திரத்து அறையில் விளக்கேற்றுகிற நேரம் அது நடந்தது. அம்மாவுக்கு அன்று கால் வீங்கிவிட்டிருந்தது. அப்பாவுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டுவதில் கொஞ்சம் தாமதம். அவர் பித்தளைச் சொம்பை எடுத்து ஓங்கினார். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. நீ நல்ல கையால் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாய். சொம்பு உருண்டது. நீ விடவில்லை. அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பேசினாய்.

"பெருசு, காலைல நான் கட்டையை வுட்ருந்தா நீ இந்நேரம் பொணம். தெரியுமில்ல? எனக்கு வுட்டுட்லாம்னு தோணிச்சி. ரெண்டாவது அடி வியசொல்லோ தோணிச்சி. ஒங்கூட அந்தம்மா குந்திகினு இருந்திச்சி, அதான் வுடல. எனக்கு நீ கூலி தரணும். இந்தக் கைய இனிமே தூக்காத. அதான் என் கூலி. தூக்கின, நான் எங்க இருந்தாலும் வருவேன். ஒத்தக் கையோட வருவேன்."

அப்பா உன் முகத்தையும் கட்டுப் போட்ட கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அது வருத்தமா, கோபமா, வியாதிக்காரருக்குத் தானாக வருகிற கண்ணீரா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் உயிரோடு இருந்தார். எனக்குத் தெரிந்து இரண்டு தடவை சொம்பை ஓங்கினார். இரண்டு தடவையும் எறியாமல் கீழே வைத்தார்.

மறுநாள் நான்தான் உங்கள் எல்லோரையும் மெரினாவுக்குக் கூட்டிப்போனேன். மணலில் உட்கார்ந்து அம்மா, "நம்ம கடலுதான். ஆனா நாத்தம் இல்ல" என்றாள்.

உன் கை சரியாகக் கூடவில்லை. முழங்கை நீளவில்லை, பிடி நிற்கவில்லை. ரிக்‌ஷாவைத் திருப்பிக் கொடுத்தாய். மரவாடியில் காவலுக்கு உட்கார்ந்தாய். ஓடிப் பழகிய உடம்பு, நாற்காலியில் உட்கார்ந்தே இளைத்தது. நீ என்னைக் குறை சொன்னதில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். ஒரே ஒரு தடவை சொன்னாய். மழை பெய்து கை குடைந்த ஒரு நாள், என்னைப் பார்க்காமல், "அன்னிக்கே சொன்னேன் இல்ல மாமு" என்றாய். நீ பேச்சை மாற்றிவிட்டாய்.

வேலைநிறுத்தம் முடிந்து ஏழுமலை அதே மேசைக்குத் திரும்பி வந்தான். அவனுக்கு இடது காது போய்விட்டது. அவன் உன் கையைப் பற்றிக் கேட்டான். நான் அவன் காதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் பேச வேண்டுமென்றால் அவனுக்கு வலப்பக்கம் போய் நின்று பேசுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது, இருமலுக்கு நடுவே அந்த நாளைத்தான் பேசினாய். "நீ மட்டும் அந்த முக்காலிய எடுக்கலன்னா என் தலை போய்க்கும்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாய். பக்கத்துக் கட்டில்காரரிடம், "தோஸ்து என் உசுர காப்பாத்தினான்" என்று சொன்னாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ "வுட்றா" என்று கத்தியது எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. கேட்ட பிறகு இரண்டு அடி அடித்தேன். ஏழுமலையின் கம்பி அதற்கு முன்பே கையிலிருந்து நழுவி உருண்டுவிட்டிருந்தது. அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு கிடந்தான். அந்த இரண்டு அடியும் உனக்காக அடித்தவை அல்ல. பதினெட்டு வயதில் வாசலில் நின்றவனுக்கு, அடிப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அது இனிப்பாக இருந்தது. அவன் காதில் ரத்தத்தைப் பார்த்த பிறகும் அந்த இனிப்பு கொஞ்ச நேரம் வாயில் இருந்தது.

உனக்கு மூன்று பிடி மண் போட்டபோது இதைச் சொல்லிவிடலாம் என்று குனிந்தேன். பக்கத்தில் ஏழுமலை நின்றிருந்தான். அவன் எனக்கு இடது கைப்பக்கம் நின்றிருந்தான். கேட்கிற காது என் பக்கம் இருந்தது. சொல்லாமல் நிமிர்ந்துவிட்டேன்.